பழைய தாளும் புதிய பையும்

(தருமபுரியில் தசலட்சணப் பருவ விழாவின்போது மளிகை வணிகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் கற்றறிந்த பெரியோர் உத்தம க்ஷமை முதலான பத்துத் தருமங்களைப் பற்றி நாள்தோறும் உரையாற்றி வருகின்றனர். அவர்களுக்கிடையே மளிகைக் கடைக்காரனாகிய என்னை அழைத்துக் காகிதப் பையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். வரும் மகாவீரர் ஜெயந்தி விழாவிலிருந்து நம் அறக்கட்டளை வழங்கும் எந்தப் பொருளும் பிளாஸ்டிக் உறையில் இருத்தலாகாது என்று மகளிர் பிரிவினர் வேண்டுகோள் வைத்துள்ளனர். உலர்பண்டங்களுக்கு வேண்டிய பைகளை வீட்டிலுள்ள பழைய தாள்களைக் கொண்டு நாமே செய்துகொள்ள இயலுமா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. இயலும் என்பது என் விடை. எவ்வாறு செய்வது, எதைச் செய்யலாகாது, அதற்கு என்ன விலை ஆகும் என்பவற்றைக் கடைக்காரன் கண்கொண்டு சொல்கிறேன். அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் கடையில் வேலை பழகிய காலத்தில் பொட்டலம் மடிக்கத் தெரியாதவனுக்குக் கல்லாவுக்கு அருகில்கூட இடம் கிடையாது. கால் கிலோ துவரம்பருப்பைத் தாளில் கொட்டி, இரு கைகளாலும் உருட்டி, இரு முனைகளையும் உள்ளே செருகி, உத்தரத்தில் தொங்கும் நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி அறுக்க வேண்டும். கடலைக்கும் பொட்டுக்கடலைக்கும் கூம்பு. சீரகம், மிளகு போன்ற சிறு சரக்குக்குச் சதுர மடிப்பு. அரைக் கிலோ, ஒரு கிலோ எடைக்கு மட்டும் ஒட்டிய பைகள். அவற்றை ஊரிலுள்ள பெண்கள் வீட்டிலிருந்தே ஒட்டி, நூறு நூறாகக் கட்டிக் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் அவற்றைப் ‘பேப்பர் கவர்’ என்போம். எவரும் அதைச் சுற்றுச்சூழல் தொண்டாகக் கருதியதில்லை. பழைய தாள் மலிவு, பெண்களின் கைவேலை அதைவிட மலிவு, அவ்வளவே. இந்த இரண்டாவது செய்திக்குப் பின்னர் வருகிறேன். இன்றைய என் பேச்சில் மிக முக்கியமானது அதுதான்.

பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பை வந்தது. ஈரம் படாது, கிழியாது, உள்ளிருக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியும், விலையோ மிகச் சொற்பம். ஓரிரு ஆண்டுகளுக்குள் நூற்கண்டு உத்தரத்திலிருந்து இறங்கிவிட்டது. அதன் விளைவை இன்று ஒகேனக்கல் செல்லும் வழியிலும், நம் ஊர் ஏரிக்கரைகளிலும், சந்தை கலைந்த மறுநாள் மைதானங்களிலும் காண்கிறோம். இவற்றையெல்லாம்விட ஜீவதயையைப் பேசும் நம்மை உறுத்த வேண்டியது ஒன்று உண்டு. காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் பையோடு முடிந்து தெருவில் எறிகிறோம். பசு முடிச்சை அவிழ்க்க அறியாது. பையோடு விழுங்குகிறது. அந்தப் பை அதன் முதல் இரைப்பையில் தங்கிவிடும். அங்கே செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கயிறுபோல் முறுகி இடத்தை அடைத்துக்கொள்ள, தீவனம் தின்ன இடமின்றி விலங்கு மெலிந்து சாகிறது. கால்நடை மருத்துவர்கள் அறுவை செய்து கூடை கூடையாக வெளியே எடுத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கத்தியைக் கையால் தொடாத ஒருவர், தாம் வீசிய பையால் ஓர் ஐந்தறிவு உயிரின் சாவுக்குக் காரணமாகலாம். நம் ஆசாரியர்கள் பயனின்றி நேரும் இத்தகைய துன்பத்தை அநர்த்த தண்டம் என்று பெயரிட்டு, அதிலிருந்து விலகுவதை இல்லறத்தாரின் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தனர். முனிவர்க்கு விதித்த ஐந்து சமிதிகளுள்ளும், பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கொள்ளும் கவனம் ஒன்று. கழிக்கும்போது, கழிக்கும் இடத்தில் உயிர் உண்டா என்று பார்க்கும் கவனம் மற்றொன்று. குப்பையை எங்கே, எப்படி இடுவது என்பது நம் நெறியில் நகராட்சி விவகாரத்தோடு முடிந்துவிடுவதில்லை.

சட்டமும் இப்போது நம் பக்கம் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதிக்கப்படும் என்று 2018 ஜூன் 5 அன்று சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டு, அம்மாதமே அரசாணை வெளியாகி, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் குறிப்பிட்ட சில பொருள்களுக்கு மைய அரசின் தடையும் வந்தது. நம் மாநிலத் தடைப் பட்டியலில் 14 வகைப் பொருள்கள் உள்ளன. விழா நடத்துகிற நாம் அப்பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். எல்லா அளவிலும் எல்லாத் தடிமனிலும் உள்ள பிளாஸ்டிக் கைப்பைகள், தண்ணீர்ப் பொட்டலம், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு, உணவு கட்டும் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், பிளாஸ்டிக் கொடி ஆகிய இவையெல்லாம் உண்டு. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் காகிதக் குவளையும்கூட உண்டு. பெயரில் காகிதம் இருப்பதால் அவை காகிதம் ஆகிவிடுவதில்லை.

இன்னொன்றைத் தனியே சொல்ல வேண்டும். திருமண வீடுகளில் தாம்பூலப் பையாகத் தருகிறோமே, துணிபோல் தோன்றும் வண்ணப் பை, கடைத்தெருவில் ‘நான்-ஓவன்’ என்பார்கள், அது துணி அன்று. பாலிபுரொப்பிலீன் எனும் பிளாஸ்டிக்கை இழையாக்கி, நெய்யாமல் சூட்டில் ஒட்டியது. அதுவும் தடைப் பட்டியலில் உள்ளது. பகவான் திருவுருவத்தையும் மணமக்கள் பெயரையும் அதில் அச்சிட்டு மனநிறைவுடன் வழங்குகிறோம். நாளடைவில் அது பொடியாய் உதிரத் தொடங்கும். பை மறைந்துவிடுகிறது, பிளாஸ்டிக் துகள் மறைவதில்லை.

ஆகவே எல்லாவற்றுக்கும் காகிதம் என்று முடிவு செய்துவிடலாமா? அங்கேயும் கவனம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பைகளின் பிறப்பு முதல் அழிவு வரை ஆகும் செலவைக் கணக்கிட்டது. புவி வெப்பமாதலை மட்டும் அளவாகக் கொண்டால், புதிதாகச் செய்த காகிதப் பை சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு நிகராக வேண்டுமெனில் அதைக் குறைந்தது 3 முறை பயன்படுத்த வேண்டும். பருத்திப் பையாயின் 131 முறை. இதைக் கேட்டு மஞ்சப்பையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதை 131 முறைக்குமேல் பயன்படுத்தாத பாட்டியை நான் கண்டதில்லை. ஆனால் கடையில் விற்கும் பளபளப்பான புதுப் பழுப்புக் காகிதப் பையை வாங்கி ஒருமுறை பயன்படுத்தி எறிவதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. மரமோ மூங்கிலோ கரும்புச் சக்கையோ கூழாகித் தாளாவதற்கு நீரும் நெருப்பும் வேதிப்பொருளும் வேண்டும். கரூர் அருகே காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களிலிருந்து கரும்புச் சக்கையில் தாள் செய்து வருகிறது. மரத்தை மிச்சப்படுத்தும் நல்ல வழிதான். ஆயினும் அத்தாளும் ஆலையின் வழியாகவே வர வேண்டியிருக்கிறது.

நாம் செய்யப்போகும் பையின் சிறப்பு, அதற்காகப் புதிதாக ஒரு தாளும் பிறக்க வேண்டியதில்லை என்பதுதான். எழுதி முடித்த தாள், படித்து முடித்த நாளிதழ், ஆண்டு கழிந்த நாட்காட்டி ஆகியவை ஏற்கெனவே நம் வீட்டுப் பரண்மேல் கிடக்கின்றன. அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்க் கூழாவதற்குமுன் இன்னொரு பிறவி எடுத்துப் போகட்டும்.

எந்தத் தாளை எடுப்பது? நாளிதழ் முதன்மையானது. பிள்ளைகளின் பழைய நோட்டுத் தாள் சிறு பைகளுக்கு நன்று. ஒருபுறம் வெறுமையாயிருப்பின் அதை உட்புறமாக வைக்கலாம். மாத நாட்காட்டியின் வழவழப்பான தடித்த தாள் தாம்பூலப் பைக்கு மிகப் பொருத்தம். வெள்ளைப் பின்புறத்தை வெளியே காட்டி மடித்தால் அதில் மணமக்கள் பெயரை எழுதியும் கொள்ளலாம். கடைகளில் பில் அடித்துத் தரும் வழவழத்த ரசீதுச் சுருளைச் சேர்க்க வேண்டா. அதன் மேற்பூச்சு உடலுக்கு ஒவ்வாதது. மெழுகு தடவிய தாள், பிளாஸ்டிக் ஒட்டிய அழைப்பிதழ் அட்டை ஆகியவற்றில் பசை பிடிக்காது. மருத்துவ அறிக்கை, வங்கித் தாள், ஆதார் நகல், தேர்வு விடைத்தாள் ஆகியவற்றைப் பையாக்குவது அறமன்று. ஒருவருடைய நோயும் மதிப்பெண்ணும் கடலையோடு கைமாறக் கூடாது. நம் அறக்கட்டளையின் நன்கொடைப் பதிவேட்டுத் தாள்களுக்கும் இது பொருந்தும். தெரியாமல் தந்தவருடைய தானம் தெரியாமலே இருக்கட்டும்.

நம்மவர்க்கே உரிய மற்றொரு சிக்கல் உண்டு. கையிலிருக்கும் இந்த மலர் போன்ற வெளியீடுகள், விழா அழைப்பிதழ்கள், தீர்த்தங்கரர் திருவுருவம் பதித்த நாட்காட்டிகள் நம் வீடுகளில் குவிந்துள்ளன. ஸ்ருத பஞ்சமியன்று ஏட்டை வைத்து வணங்கும் மரபினர் நாம். பட்டணத்திலும் ஜெய்சால்மரிலும் உள்ள ஞான பண்டாரங்களில் நூற்றாண்டுகள் கடந்த ஏடுகளையும் காகிதச் சுவடிகளையும் காத்தவர்கள் நம் சமயத்தார். அப்படியிருக்க, ணமோகார மந்திரம் அச்சிட்ட தாளில் கற்கண்டு கட்டுவதா என்று மூத்தோர் கேட்டால் அக்கேள்வி நியாயமானது. என் கருத்தைச் சொல்கிறேன், பண்டிதர்கள் திருத்தலாம். திருவுருவமும் மந்திரமும் ஆகம வாசகமும் உள்ள பகுதிகளை முதலிலேயே கத்தரித்துத் தனியே ஒரு பெட்டியில் சேர்க்க வேண்டும். அவற்றை எவ்வாறு முறைப்படி நிறைவு செய்வது என்பதை ஜினாலயத்துப் பெரியோர் முடிவு செய்யட்டும். விளம்பரப் பக்கங்கள், வாழ்த்துச் செய்திகள், கணக்கு அறிக்கைகள் எஞ்சும். நம் மலர்களில் அவையே பெரும்பகுதி என்பதால் தாளுக்குப் பஞ்சம் வராது. மேலும், அடுத்த முறை அழைப்பிதழ் அச்சிடும்போது ஒவ்வொரு பக்கத்திலும் திருவுருவத்தைப் பதிப்பது தேவைதானா என்றும் எண்ணிப் பாருங்கள். பக்தியின் பெயரால் அச்சிட்டதைக் குப்பைத் தொட்டியில் காணும்போது நெஞ்சு பதறுகிறது.

இனி, எதை உள்ளே வைப்பது? இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். அச்சிட்ட தாளில் சமைத்த உணவு கூடவே கூடாது. போண்டாவையும் வடையையும் நாளிதழில் வைத்து எண்ணெயைப் பிழிந்தெடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சூடும் எண்ணெயும் சேரும்போது அச்சு மையிலுள்ள நிறமியும் எண்ணெயும் பண்டத்தில் ஏறும். 2018ஆம் ஆண்டின் உணவுச் சிப்பமிடல் விதிமுறைகள், நாளிதழையும் அதுபோன்ற அச்சுத்தாளையும் உணவைச் சுற்றவோ வைக்கவோ பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்துள்ளன. ஆகவே பொங்கலுக்கும் சுண்டலுக்கும் வாழையிலை, மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு ஆகியவையே தகும். கற்கண்டு, திராட்சை, முந்திரி போன்றவற்றைத் தர வேண்டுமானால் உள்ளே அச்சில்லாத வெள்ளைத் தாளில் மடித்து, அதன்பின் பையிலிட வேண்டும். ஓடுள்ள தேங்காய், பாக்கு, தோலுள்ள வாழைப்பழம், புத்தகம், விளக்கு, குங்குமச் சிமிழ், மாணவர்க்குப் பரிசு ஆகியவற்றுக்கு அச்சுத்தாள் பை தாராளமாக உதவும்.

செய்முறைக்கு வருகிறேன். தாய்மார்கள் சிலர் குறிப்பேட்டோடு வந்திருக்கிறீர்கள், மெல்லவே சொல்கிறேன்.

நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாக ஓடும். தாளுக்கும் இழையோட்டம் உண்டு. இழை ஓடும் திசையில்தான் இழுவிசையைத் தாங்கும் வலிமை மிகுதி. ஆதலால் கைப்பிடி வைத்துத் தூக்கும் பையாயின் இழை மேல்கீழாக இருக்க வேண்டும். பருப்புபோல் பக்கவாட்டில் பிதுங்கும் பொருளுக்கான பையாயின் இழை பையைச் சுற்றி ஓட வேண்டும். அனுபவமுள்ள பெண்கள் இதைச் சொல்லத் தெரியாமலே சரியாகச் செய்வார்கள்.

நாளிதழின் ஒரு பக்கம் ஏறத்தாழ 33 செ.மீ. அகலம், 53 செ.மீ. நீளம். ஒற்றைப் பக்கத்தை நீளவாட்டில் குறுக்காக வையுங்கள். ஒரு பக்க ஓரத்தை இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்து அதில் பசை தடவி, மறு ஓரத்தை அதன்மேல் கொண்டுவந்து ஒட்டுங்கள். இப்போது இருபுறமும் திறந்த தட்டையான குழாய் கிடைத்துவிட்டது. அகலம் சுமார் 25 செ.மீ., உயரம் 33 செ.மீ. ஒட்டு ஓரத்தில் வராமல் சற்று உள்ளே தள்ளி வந்தால் பை நேராக நிற்கும்.

அடுத்தது அடிப்பாகம். குழாயின் கீழ்முனையை 10 செ.மீ. மேலே மடித்து நகத்தால் அழுத்துங்கள். மடித்த பகுதியின் இரு படலங்களையும் பிரித்து விரித்தால், இருபுறமும் முக்கோணம் விழுந்து நடுவில் கட்டம்போல் ஓர் உருவம் தோன்றும். அதன் மேல் மடலையும் கீழ் மடலையும் நடுக்கோட்டைச் சிறிது தாண்டும்படி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்டுங்கள். ஒட்டும்போது பசை உட்படலத்தைத் தொடாதிருக்கக் கையளவு அட்டையொன்றைப் பைக்குள் நுழைத்துக்கொள்வது நல்லது. பை விரியும்போது கிட்டத்தட்ட 9 செ.மீ. அகலமுள்ள தட்டையான அடித்தளம் அமையும். அரைக் கிலோ எடைவரை ஒற்றைத் தாள் போதும். அதற்குமேல் இரண்டு தாள்களைச் சேர்த்து மடியுங்கள். அடியில் ஓர் அட்டைத் துண்டும் போடுங்கள். கைப்பிடி வேண்டுமானால் இரு பக்கம் சேர்ந்த விரிதாளை எடுத்து, வாய்ப்புறத்தை மூன்று விரல் உள்ளே மடித்து, அந்த மடிப்புக்குள் அட்டைக் கீற்றை ஒளித்து, துளையிட்டுச் சணல் கோத்து முடிந்துவிடுங்கள்.

இந்தத் தட்டை அடிப்பையை முதன்முதலில் பொறியால் மடித்தவர் ஒரு பெண். அமெரிக்காவில் காகிதப் பைத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிய மார்கரெட் நைட் என்பவர், மரத்தில் மாதிரி செய்து, பின் இரும்பில் செய்விக்கும்போது அதைப் பார்த்துச் சென்ற ஒருவர் தம் கண்டுபிடிப்பாகப் பதிவு செய்ய முயன்றார். அந்த அம்மையார் வழக்காடித் தம் உரிமையை நிலைநாட்டி 1871இல் காப்புரிமை பெற்றார். பெண்ணின் கைவேலைக்கு யார் பெயர் போட்டுக்கொள்வது என்ற வழக்கு புதியதன்று.

பசையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். பையைப் பார்த்தால் பசை தெரியாது. ஆனால் நம் கொள்கை தங்கியிருப்பதும் தவறிப்போவதும் அங்கேதான். தச்சரும் புத்தகம் கட்டுவோரும் பயன்படுத்திவந்த வச்சிரம் எனும் பசை விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கடையில் வாங்கும் கட்டிப் பசையில் அது இல்லை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். நம் மாவட்டத்தில் மரவள்ளி மிகுதியாக விளைவதால் அதன் மாவில் காய்ச்சிய பசை மலிவாகக் கிடைக்கும், நன்றாகவும் ஒட்டும். உண்பதற்குக் கிழங்கை விலக்குவோர் ஒட்டுவதற்கு அதைக் கொள்ளலாமா என்று ஓர் அம்மையார் என்னிடம் கேட்டார். உண்பது வேறு, ஒட்டுவது வேறு என்று வாதிடலாம். ஆயினும் விழாப் பணிக்கு ஐயமற்ற வழி இருக்கும்போது ஐயமுள்ள வழி எதற்கு? மைதா அல்லது அரிசி மாவே போதும். ஒரு பங்கு மாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மொத்தம் ஐந்து ஆறு பங்கு நீர் வரும்படி சேர்த்து, சிறுதீயில் விடாமல் கிளற வேண்டும். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலை வந்ததும் இறக்கிவிடலாம். கொதிநீரில் மாவைக் கொட்டினால் உருண்டைதான் கிடைக்கும்.

பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். துத்தம் நஞ்சு. பூச்சியைக் கொல்வதற்கென்றே சேர்ப்பது. நமக்கு அது இரண்டு வகையிலும் ஆகாது: உயிரைக் கொல்வது ஒன்று, குழந்தைகள் கையில் போகும் பையில் நஞ்சைத் தடவுவது மற்றொன்று. அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சினால் துத்தத்துக்குத் தேவையே எழாது. இரவு தங்கிய பசை புளித்து நுரைக்கும். அதில் பெருகும் நுண்ணுயிர்களை நம் ஆசாரியர்கள் நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே எண்ணிப் பார்த்தவர்கள். பொழுது சாய்வதற்குள் பசையும் தீர்ந்து வேலையும் முடியும்படி திட்டமிடுங்கள். விளக்கொளியில் பசைப் பாத்திரத்தைத் திறந்து வைத்தால் விட்டில் வந்து விழும்.

பசையை மெல்லிதாகத் தடவ வேண்டும். தடித்துப் பூசினால் தாள் நனைந்து சுருங்கும், உலர நேரமாகும், எறும்பும் வரும். ஒட்டிய பைகளை அடுக்கி மேலே பலகை வைத்து நிழலில் உலர்த்துங்கள். ஊசிப்பின் அடிக்கும் கருவியை அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டா. பசைக்குப் பொறுமையில்லாதவர்கள்தாம் பின் அடிப்பார்கள். பின்னோடு தாளைத் தின்ற மாட்டின் இரைப்பையை அந்தக் கம்பி குத்தித் துளைக்கும். சில வேளை இதயம்வரை செல்லும். பிளாஸ்டிக்கிலிருந்து பசுவைக் காக்கப் புறப்பட்டு இரும்பைக் கொடுத்தவர்களாவோம். பழைய நோட்டுப் புத்தகங்களிலுள்ள கம்பிகளையும் முதலிலேயே பிடுங்கி எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள்.

இனி, நான் முன்னர் நிறுத்திவைத்த செய்தி.

நம் மாவட்டத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டது இங்கேதான். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில் அத்திட்டம் தொடங்கியது. பின்னர் அது பிற மாவட்டங்களுக்கும் பரவி, 1990களின் பிற்பகுதியில் மகளிர் திட்டமாக வளர்ந்தது. ஆகவே விழாவுக்கு வேண்டிய பைகளில் ஒரு பகுதியைக் குழுப் பெண்களிடம் செய்யச் சொல்லி வாங்கலாம் என்ற யோசனையை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் என்ன கூலி தருவது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளிதழ்த் தாள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ளது. ஒரு பக்கம் சுமார் 8 கிராம். ஒரு கிலோவில் 125 பக்கங்கள், அதாவது 125 ஒற்றைத் தாள் பைகள். கை பழகிய ஒரு பெண் ஒரு மணி நேரத்தில் 50 பைகள், எட்டு மணி நேரத்தில் 400 பைகள் செய்வதாக வைத்துக்கொள்வோம். 2024-25ஆம் நிதியாண்டில் நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாய். அதற்குக் குறையாமல் கொடுப்பதானால் ஒரு பைக்குக் கூலி மட்டும் 80 காசு ஆகிறது. பழைய தாளைக் கிலோ 15 ரூபாய் என்று மதிப்பிட்டால் தாளுக்கு 12 காசு. பசைக்கும் எரிபொருளுக்கும் சிறிது சேர்த்தால், ஒரு பை ஒரு ரூபாய்க்கு நெருங்கிவிடும்.

வணிகர்களே, இந்த இடத்தில் உங்கள் முகக்குறிப்பு எனக்குத் தெரிகிறது. ஒரு ரூபாயா என்கிறீர்கள். அன்று நாங்கள் நூறு பை வாங்கியபோது ஒட்டுக்கூலியைப் பைசாவில் பேரம் பேசினோம். வீட்டு வேலை முடித்து இரவு விளக்கில் ஒட்டியவர்கள் அவர்கள். பள்ளிக்குப் போக வேண்டிய பெண் குழந்தைகளும் பக்கத்தில் அமர்ந்து மடித்தார்கள். கடைத்தெரு முழுவதும் அப்படித்தான் நடந்தது. காகிதப் பையை மலிவாக்கியது காகிதம் அன்று, அந்தக் கைகளுக்குக் குறைத்துக் கொடுத்த கூலி. அந்த நிலையை மீண்டும் கொண்டுவந்து அதற்குப் பசுமை என்று பெயரிடுவதாயிருந்தால் நான் இந்த மேடையில் ஏறியிருக்க மாட்டேன். பசுவின் வயிற்றை எண்ணி இரங்குகிற நாம், பை ஒட்டும் பெண்ணின் வயிற்றையும் எண்ண வேண்டாமா? ஆதலால் அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள்: வெளியில் வாங்கும் பைகளுக்கு நாட்கூலிக் கணக்கில் விலை வைக்க வேண்டும். பணத்தை விழா முடிந்த பிறகு என்று இழுக்காமல் பை வந்த அன்றே தர வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கூலிக்கு அமர்த்தலாகாது. நம் பிள்ளைகள் விழாவுக்காக விளையாட்டாய் மடிப்பது வேறு.

செலவு கூடுமே என்பீர்கள். கூடட்டும், பைகளின் எண்ணிக்கையைக் குறைப்போம். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பை என்பதற்குப் பதில் குடும்பத்துக்கு ஒன்று போதும். வீட்டிலிருந்து மஞ்சப்பை கொண்டுவருவோர்க்குப் பையே வேண்டா. அளவுக்குமேல் சேர்க்காதிருத்தல் என்னும் விரதத்தை நிலத்துக்கும் பொன்னுக்கும் மட்டுமே கணக்கிடுகிறோம். பரண்மேல் மடித்து வைத்திருக்கும் பைக்கட்டையும் கணக்கில் சேர்க்கலாம்.

இந்த ஊரின் பழமையை எண்ணும்போது எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். தகடூர் என வழங்கிய இவ்வூரில் நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், கி.பி. 893ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு ஒன்று, வணிகர் குடும்பத்தைச் சேர்ந்த நிதியண்ணன், சந்தியண்ணன் என்னும் இருவர் எடுப்பித்த ஜைனப் பசதியைக் குறிப்பிடுகிறது. கட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. பசதியின் பராமரிப்புக்கும் வழிபாட்டுக்குமென ஓர் ஊரையே கொடையாக எழுதி வைக்கச் செய்தனர். அறச்செயலுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவை முன்கூட்டியே எண்ணிய வணிக மூளை அது. நம் பைத் திட்டத்துக்கும் அப்படி ஒரு சிறு முதலீட்டை, கூலிக்கென்றே தனிக் கணக்கில், அறக்கட்டளை ஒதுக்கிவைத்தால் ஒரு விழாவோடு உற்சாகம் வடிந்துபோகாது.

காகிதப் பையால் ஆகாதவற்றையும் மறைக்கக் கூடாது. மழையில் அது நிற்காது. தயிர், எண்ணெய், ஈரக் கீரை ஆகியவற்றுக்கு அது உதவாது; அவற்றுக்குத் தூக்குப் பாத்திரமே வழி. ஒரு வாரச் சந்தைக்குப் போய் ஐந்து கிலோ தக்காளி வாங்குபவரிடம் நாளிதழ்ப் பையை நீட்டினால் நகைப்பார். துணிப்பை தங்கும் இடத்தில் துணிப்பையே சிறந்தது. கொடுப்பவர் கையிலிருந்து பெறுபவர் வீடுவரை, அரை மணி நேரப் பயணத்துக்கு மட்டும் வேண்டிய உறைக்குத்தான் பழந்தாள் பை. அந்த அரை மணி நேரத்துக்காகப் பல நூறு ஆண்டு அழியாத ஒன்றை உண்டாக்குவது பொருந்தாது என்பதே என் வாதம்.

நிறைவாக ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அபிஷேகம் முடிந்தபின் கூடத்தின் கிழக்கு வராந்தாவில் பாய் விரிக்கப்படும். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு கிலோ நாளிதழும், கழிந்த ஆண்டின் நாட்காட்டிகளும் கொண்டுவர வேண்டும். திருவுருவம் உள்ள தாள்களைத் தனிக்கட்டாகக் கட்டிக் கொண்டுவாருங்கள். அவற்றுக்கெனத் துணி மூடிய பெட்டி வாயிலருகே இருக்கும். கத்தரிக்கோல், அடிக்கோல், பழைய அட்டைத் துண்டுகள் வீட்டிலிருந்தே வரட்டும். மைதா நான் கொண்டுவருகிறேன். பசை காய்ச்சுவோர் காலை எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். முதல் நூறு பைகளில் தலைக்கு ஒன்றாக அரைக் கிலோ அரிசி நிரப்பி, கூடத்திலிருந்து பேருந்து நிலையம்வரை நடந்து சோதிக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். எத்தனை பைகள் வழியில் கிழிந்தன என்பதைக் குறித்து வந்து, அடுத்த கூட்டத்தில் அவர்களே படிப்பார்கள்.

ஜெய ஜினேந்திரா!